பாரம் விழுந்த கால்

பிள்ளைகளுக்குக் கோல் அடிக்கப் பழக்குவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. பந்தை விட்டுக் கண்ணை எடுக்கப் பழக்குவதுதான் கஷ்டம். பந்து காலடியில் இருக்கும்வரை எந்தப் பிள்ளையும் குனிந்து அதையேதான் பார்க்கும். முன்னால் நிற்பவனைப் பார்க்காது.

கதிரை வேண்டாம், நின்றுகொண்டே சொல்கிறேன். உட்கார்ந்தால் என் கால்கள் சும்மா இருப்பதில்லை. ரூபன் காணாமற்போனதைப் பற்றிக் கேட்கத்தான் ஆணைக்குழுவுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று தெரியும். அங்கேதான் வருகிறேன். இந்தப் பயிற்சி விளங்கினால்தான் மற்றது விளங்கும்.

தொண்ணூற்றெட்டில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பதினான்கு வயதுக்குட்பட்ட ஓர் உதைபந்தாட்ட அணியை நான் பழக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர்ப் போத்தல்களை இரண்டு வரிசையாக வைத்து ஒரு சின்னத் தெரு, ஓர் ஒழுங்கை மாதிரிச் செய்வேன். நடுவில் ஒருவன் மறித்து நிற்பான். பந்தோடு வருகிறவன் அவனைத் தாண்டவேண்டும். வேகமாக வரக்கூடாது. மெதுவாக வந்தால் மறிப்பவன் யோசிக்கத் தொடங்குவான். அப்போது ஒரு தோளைத் தாழ்த்தவேண்டும். அந்தப் பக்கம்தான் வரப்போகிறான் என்று நம்பி அவன் ஒரு காலில் பாரத்தைப் போட்டுவிடுவான். பாரம் விழுந்த காலை உடனே மாற்ற எவராலும் முடியாது. அந்த அரை மூச்சுக்குள் மற்றப் பக்கத்தால் போய்விடலாம். இதில் கவனிக்கவேண்டியது ஒன்றுதான். தோள் உண்மையாகவே தாழவேண்டும். நடித்தால் பிடிபடும்.

இதை யசிகரனைப் போல விளங்கிக்கொண்ட பிள்ளையை நான் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தாயோடும் அண்ணன் ரூபனோடும் லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தான். தகப்பன் நவரத்தினம் கனடாவில். விசாவுக்காகக் காத்திருந்தார்கள். ரூபனுக்கு இருபது வயது. தம்பியைத் தனியே விடப் பயந்து தானும் மைதானத்துக்கு வருவான். சும்மா நிற்கிறானே என்று அவனையே ஒழுங்கைக்குள் மறிக்க விட்டேன்.

"சேர், நான் என்ன லைற் போஸ்ட்டே?" என்பான் ரூபன். "இவன் ஒவ்வொரு நாளும் என்னை விழுத்துறான். கனடா போகமுதல் இடுப்பு முறிஞ்சிடும்."

"லைற் போஸ்ட் எண்டாலும் பரவாயில்லை, அது விழாது," என்பான் தம்பி.

நல்ல பிள்ளைகள். எனக்கு இருவரையும் பிடிக்கும்.

அந்த வருடம் இறுதிப்போட்டிக்கு வந்துவிட்டோம். வத்தளை அணியோடு, சனிக்கிழமை. இவர்களுக்கு விசா வந்து, வியாழக்கிழமை விமானம். நான் லொட்ஜுக்குப் போய்த் தாய் சரோஜினிதேவியிடம் கேட்டுப் பார்த்தேன்.

"ரெண்டு நாள்தானே தங்கச்சி, தள்ளிப் போடேலாதா?"

"என்ன சேர் கதைக்கிறீங்கள்? ரெண்டு வருசமா இந்த அறைக்குள்ள கிடக்கிறம். எப்ப பொலிஸ்காரர் வந்து கதவைத் தட்டுவாங்களோ எண்டு நித்திரையில்லை. ஒரு மெச்சுக்காக நிக்கச் சொல்லுறீங்கள்."

அவர் சொன்னது நியாயம். நான் கோபப்படவில்லை. ஆனால் யசி இல்லாமல் எங்களிடம் முன்னுக்குப் போய் அடிக்க ஆளே இல்லை. மற்றப் பிள்ளைகளும் அவ்வளவு பாடுபட்டவர்கள். அன்று பின்னேரம் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மூலையில் பொலிஸ் காவலரண். அங்கிருந்த சார்ஜன்ட் எனக்குப் பழக்கம். சிகரெட் கேட்டார், கொடுத்தேன். எந்தப் பிள்ளை யார், எந்த வீடு என்று வழக்கம்போல விசாரித்தார். ரூபனைக் காட்டி, யாரென்று கேட்டார்.

"எயா ட்ரெயினிங் கத்த கெனெக்," என்றேன் சிங்களத்தில். அவர் ட்ரெயினிங் எடுத்த ஆள்.

இது பொய்யில்லை. ரூபன் ஆறு மாதமாக என்னிடம் ட்ரெயினிங் எடுத்தவன். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவனைப் பற்றி அந்தச் சொல்லைச் சொன்னால், இயக்கத்தில் ஆயுதப் பயிற்சி எடுத்தவன் என்றுதான் கேட்பவருக்கு விளங்கும் என்பதும் எனக்குத் தெரியும். என்ன ட்ரெயினிங் என்று சார்ஜன்ட் கேட்டார். நான் தோளைக் குலுக்கிவிட்டு வந்தேன். சில நாள் வைத்து விசாரித்துவிட்டு விடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். மகனை விட்டுவிட்டுத் தாய் விமானம் ஏறமாட்டார்.

புதன்கிழமை விடியற்காலை பொலிஸ்காரர் வந்து ரூபனைக் காவலரணுக்குக் கொண்டுபோனார்கள். தாய் என்னிடம் ஓடிவந்தார்.

"சேர், இவன் ட்ரெயினிங் எடுத்தவனாம். பந்து ட்ரெயினிங்தானே எடுத்தவன், வேற என்ன? நீங்க வந்து ஒரு சொல்லு சொன்னா விட்டிடுவாங்கள்."

"ஓம் தங்கச்சி. எனக்குத் தெரிஞ்ச சார்ஜன்ட் லீவில. சனிக்கிழமை போகட்டும், நானே போறன்."

சார்ஜன்ட் லீவில் இல்லை. அன்று காலையும் எனக்குக் கை காட்டினார். தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, அதுவரை சின்னவனைப் பக்கத்திலேயே வைத்திருக்கச் சொன்னார். வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமையும் ஒழுங்கைப் பயிற்சி செய்தோம். மறிக்க நானே நின்றேன்.

சனிக்கிழமை யசி அடித்த கோலை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். மெதுவாக வந்தான். தோள் தாழ்ந்தது. வத்தளைப் பிள்ளை வலது காலில் முழுப் பாரத்தையும் போட்டுவிட்டான். யசி மற்றப் பக்கத்தால் போய்ப் பந்தை மூலைக்குள் உருட்டினான். அத்தனை வருடப் பழக்கலில் அவ்வளவு சுத்தமாக ஒருவரும் செய்ததில்லை. மற்றவர்கள் அவனைத் தூக்கப் போனார்கள். அவன் அவர்களை விலக்கிவிட்டு என்னிடம் ஓடிவந்தான்.

"சேர், சனிக்கிழமைதானே. இப்ப அண்ணாவிட்டைப் போவமா?"

கப் கொடுக்கவேண்டும், படம் எடுக்கவேண்டும், நாளைக்குப் போவோம் என்றேன்.

ஞாயிறு போனபோது ரூபன் அங்கே இல்லை. முதல் நாள் இருட்டுப்படும் நேரம் வேறு ஆட்கள் வந்து கொண்டுபோய்விட்டார்களாம். யார், எங்கே என்று சார்ஜன்டுக்கும் தெரியாது. யசி அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. எனக்கு அதுதான் இன்றைக்கும் விளங்கவில்லை, அவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு.

ஆனால் சொன்ன சொல்லை நான் மீறவில்லை. ஞாயிறு விடிந்ததும், பூசைக்குக்கூடப் போகாமல், தாய்க்கு முன்னரே காவலரணுக்குப் போனவன் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.