நூற்றுப் பன்னிரண்டுக்குப் பச்சை

மழை பெய்த மறுநாள் மரத்தைத் தட்டிப் பார்க்கக் கூடாது. பட்டை ஊறிப்போயிருந்தால் நல்ல மரமும் மந்தமாகத்தான் ஒலிக்கும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பயந்துபோய்த் தெரு முழுக்க, வெட்டச் சொல்லும் சிவப்பு வில்லையை ஆணி வைத்து அடித்துவிட்டு வருவார்கள். நானும் முதல் வாரத்தில் ஒன்பது மரங்களுக்கு அப்படி அடித்தேன். எங்கள் தலைமை ஆய்வாளர் ஒன்பதையும் பிடுங்க வைத்தார். காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் அவருக்குப் பெயரே பென்சில். "உன் கையில ஆணியைக் குடுத்தா, ஊர்ல நிழலுக்குக் குடைதாம்மா பிடிச்சுக்கிட்டுப் போகணும்" என்றார். அலுவலகமே சிரித்தது. அதற்குப் பிறகு நான் ஒரு வில்லையைக்கூடத் தவறாக அடித்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும்.

விபத்து விசாரணை அதிகாரியான நீங்கள் கோப்பை மூடிவிட்டீர்கள். "வெளியிலிருந்து கண்டறிய இயலாத பூஞ்சைச் சிதைவு, யாரும் பொறுப்பல்ல" என்று கையெழுத்தும் போட்டாயிற்று. விழுந்தது நான் பச்சை அடித்த மரம். செத்தது என் அக்கா புருஷன். அதனால் விசாரணையன்று என்னைக் கடுமையாகக் கேட்க உங்களுக்கு மனம் வரவில்லை. நாற்காலியை நீங்களே இழுத்துப் போட்டீர்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்கள். அந்தத் தண்ணீருக்காகத்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தெருவோரம், பள்ளிக்கூடம், மருத்துவமனை வாசல் என்று ஆள் நடமாடும் இடத்து மரங்களை வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்போம். அடிமரத்தில் காளான் முளைத்திருக்கிறதா, பட்டை பிளந்திருக்கிறதா, வேர்ப்பக்கம் மண் தூக்கியிருக்கிறதா என்று சுற்றி வருவோம். பிறகு மரச்சுத்தியலால் தட்டுவோம். நல்ல மரம் 'திண்' என்னும். உள்ளே உளுத்தது 'டொம்' என்னும். டொம் என்று கேட்டால் ஊசி. தைக்கிற ஊசி இல்லை. முழங்கை நீளத்தில், பின்னல் கம்பி பருமனில், மோட்டார் வைத்துச் சுழலும் ஊசி. அது உள்ளே போகப் போக, கூடவே ஒரு தாளில் கோடு ஓடும். கட்டை திடமாக இருந்தால் கோடு ஏறும். சிதைந்திருந்தால் தரையில் படுத்துவிடும். அதைப் பார்த்துத்தான் வில்லையின் நிறம். பச்சை என்றால் நிற்கும், மஞ்சள் என்றால் அடிக்கடி பார், சிவப்பு என்றால் வெட்டு.

இந்தத் தொழிலில் முதல் நாளே காதில் விழுகிற ஒரு வாக்கியம் உண்டு: மரம் ஆறாது, மூடும். நமக்குக் காயம் பட்டால் சதை வளர்ந்து ஆறிவிடும். மரத்தில் அழுகியது அழுகியதுதான். அதைச் சுற்றிக் கெட்டியாக ஒரு சுவர் எழுப்பி, உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, வெளிப்பக்கம் புதுக்கட்டையாக வளர்ந்துகொள்ளும். கெட்டது எங்கேயும் போகாது. எனக்கு இந்த வாக்கியம் மிகவும் பிடித்துப்போயிற்று.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள், என்னைவிட நன்றாகப் படித்தவள். ஒருத்தியைத்தான் படிக்க வைக்க முடியும் என்றார்கள். அவளுக்குக் கல்யாணம், எனக்குப் படிப்பு. மாப்பிள்ளை சைக்கிள், மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கிறவர், கையில் தொழில் இருக்கிறது, என்ன குறை என்றார்கள். என்ன குறை என்று அவர் குடித்துவிட்டு வந்த முதல் நாளே தெரிந்தது. நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அக்காவின் வலது மணிக்கட்டு உடைந்தது. "படியில வழுக்கிட்டேன்டி" என்றாள். அவள் வீட்டில் படியே கிடையாது. ஒற்றை அறை, வாசலும் தெருவும் ஒரே மட்டம். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. மழை பெய்தால் இன்றைக்கும் வலிக்கும். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொந்தக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். அந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவன் எவன் என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அக்காவுக்கு உடைந்த வாரம் எனக்குப் பரீட்சை. நான் போய் எழுதினேன். நல்ல மதிப்பெண்.

பிறகு மாமா நிறுத்திவிட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம் குடியையும் விட்டார், கை நீட்டுவதையும் விட்டார்.

"சத்தியமாடி, மாறிட்டாரு" என்றாள் அக்கா.

"எத்தனை நாளா?"

"அஞ்சு மாசம்."

"அஞ்சு மாசமெல்லாம் ஒரு கணக்கா?"

"ஏன்டி, மனுஷன் திருந்தவே கூடாதா? நீ என்ன கோர்ட்டா?"

நான் கோர்ட் இல்லை. ஆய்வாளர். மாறிட்டாரு என்ற சொல் எங்கள் படிவத்தில் இல்லை. மூடியிருக்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய கடை நூற்றுப் பன்னிரண்டாம் எண் மரத்தின் அடியில் இருந்தது. கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை, காற்றடிக்கும் பம்பு, ஆணியில் மாட்டிய பழைய டயர்கள், மரத்தை ஒட்டி ஒரு முக்காலி. அந்தத் தெரு என் பொறுப்பில் வந்தது தற்செயல். முதல் வருஷம் தற்செயல். அடுத்த வருஷங்களில் நான் கேட்டு வாங்கினேன்.

முதல் தடவை போனபோது, அடிமரத்தில் மண்ணை ஒட்டிக் காது மடல் மாதிரி ஒரு காளான் இருந்தது. தட்டினேன். டொம். மாமா முக்காலியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, கதவைத் தட்டுற? உள்ள யாரும் இல்ல."

"சும்மா பாக்கறேன் மாமா."

"ஓ, மரத்துக்கு டாக்டரா? டொக்டொக் டாக்டர்!"

அன்றிலிருந்து அதுதான் என் பெயர். ஊசியை இறக்கினேன். தாளைக் கிழித்துப் பைக்குள் வைத்தேன். "நிக்குமா?" என்று கேட்டார். "நிக்கும் மாமா" என்றேன். பச்சை வில்லையை எடுத்தேன். ஆணியை அவரே பிடித்துக்கொண்டார், "பாத்து அடி, விரலை நசுக்கிடாத" என்று. பிறகு காளானைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அது மறுபடி முளைத்த போதெல்லாம் பிடுங்கினேன். அதனால்தான் உங்கள் கோப்பில் வெளி அடையாளம் ஏதும் இல்லை என்று இருக்கிறது.

உள்ளே பொந்து இருப்பது தெரிந்தேதான் பச்சை அடித்தேன். இதை நீங்கள் குற்றமாக எழுதிக்கொள்ளலாம். ஆனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள்.

பச்சை அடித்த பிறகு அவர் முக்காலியை இன்னும் நெருக்கி இழுத்து, மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார ஆரம்பித்தார். வருகிறவர்களிடம், "நம்ம வீட்டு ஆபீசரு பாத்து முத்திரை குத்தின மரம்ங்க, அசையாது" என்பார். காலையில் கடை திறந்ததும் ஸ்பேனரால் மரத்தில் இரண்டு தட்டு. டொக், டொக். "டாக்டரம்மா சொல்லிட்டாங்க, நீ நல்லா இருக்கியாம்" என்று மரத்திடம் சொல்வாராம். அக்கா சிரித்துச் சிரித்து இதைச் சொன்னாள். அவள் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு ஒரு கோபம் வந்தது. என்னைக் கேட்காமல் அவள் எப்படி மன்னிக்கலாம் என்ற கோபம்.

ஆறு வருஷம் அந்த மரத்தை அளந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை போதும். நான் ஆறேழு தடவை போனேன். வேறு தெருவில் வேலை முடிந்ததும், போகிற வழியில் ஓர் எட்டு. "மறுபடியும் ஊசியா? பாவம், அதுக்கு வலிக்காதா?" என்பார். டீ வாங்கித் தருவார். குடித்துவிட்டு அளப்பேன். ஒருநாள் டீயை நீட்டியபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"உனக்கு என்மேல கோவம் இருக்கும். இருக்கணும். உங்கக்கா மறந்துட்டா. நீ மறக்கலைன்னாலும் தப்பில்ல."

"மிஷினைக் கொஞ்சம் பிடிங்க மாமா" என்றேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அது இருபத்து மூன்றாவது துளை.

விழுந்த அன்று காற்றே இல்லை. முந்தின நாள் மழை; இலையெல்லாம் நீர் சுமந்து கனத்துக் கிடந்தது. மத்தியானம் ஒன்று ஐம்பது. அக்கா தினமும் ஒன்றேகாலுக்குச் சோறு கொண்டுபோய், அவர் சாப்பிடும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து, இரண்டு மணிக்குப் பாத்திரத்தோடு திரும்புவாள். இது எனக்குத் தெரியும். மரம் கடிகாரம் பார்த்து விழாது என்பதும் தெரியும். தெரிந்துகொண்டு என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். அந்த முக்கால் மணி நேரத்தை நான் நினைக்காமல் இருந்தேன். ஆறு வருஷம் ஒன்றை நினைக்காமல் இருப்பது லேசில்லை. பழக வேண்டும்.

அன்று அவள் ஒன்றரைக்கே கிளம்பிவிட்டாள். மாமாதான் அனுப்பினார். "மழை பேஞ்சிருக்கு, உனக்குக் கை வலிக்கும். பாத்திரத்தை நான் சாயந்திரம் எடுத்துட்டு வரேன், நீ போய்ப் படு." அவர் உடைத்த கை. அந்தக் கையால்தான் அக்கா பிழைத்தாள்.

வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். விழுந்த மரத்தை அறுத்துப் பார்த்து அறிக்கை எழுதும் வேலையை, தெரு என்னுடையது என்பதால், என்னிடமே கொடுத்தார்கள். "முடியலைன்னா வேணாம்மா" என்றார் பென்சில். முடியும் என்றேன். அறுத்த வட்டத்தின் நடுவில் பொந்து. அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம், மரம் கட்டிய சுவர். அந்த வளையத்திலிருந்து வெளியே, சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் மாதிரி, கறுத்த கீற்றுகள். ஒவ்வொரு கீற்றும் ஓர் ஊசித் துளை. சுவர் எங்கெல்லாம் ஓட்டையானதோ அங்கெல்லாம் அழுகல் வழி கண்டுபிடித்து வெளியே வந்திருந்தது.

பென்சில் குனிந்து நெடுநேரம் பார்த்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்து, கீற்றுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். பென்சிலைத் திரும்பச் செருகிக்கொண்டார். "உங்கக்காவைப் பாத்துக்கம்மா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் எதையும் எழுதவில்லை, நான் எழுதினேன். உங்கள் கோப்பில் இருக்கும் 'வெளியிலிருந்து கண்டறிய இயலாத' என்ற வாக்கியம் என்னுடையது.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மரத்துக்குப் பிறகும் ஊசியை ஸ்பிரிட் வைத்துத் துடைக்க வேண்டும். ஒரு மரத்தின் பூஞ்சை இன்னொன்றுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. இந்த விதியை அலுவலகத்தில் என்னைப் போலக் கடைப்பிடித்தவர்கள் யாரும் இல்லை. நூற்றுப் பன்னிரண்டுக்குப் போகிற நாட்களில் மட்டும், எந்தத் தெருவில் சிவப்பு மரம் இருக்கிறது என்று காலையிலேயே பட்டியலில் பார்த்து, அதற்கு ஊசி போட்டுவிட்டு, துடைக்காமல் வந்தேன்.

அக்கா இப்போது என்னோடு இருக்கிறாள். அவளுக்கு ஜன்னல் உள்ள அறையைக் கொடுத்திருக்கிறேன். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். ஒரே ஒருமுறை கேட்டாள்.

"நீ அத்தனை தடவை பாத்தியேடி. உனக்கே தெரியலையா?"

"இல்லக்கா."

"ஆமா, உள்ள இருக்கறது யாருக்குத் தெரியும்" என்று என் தலையைத் தடவிக் கொடுத்தாள். அந்தக் கோணல் கையால்.

அவர் சாமான்களில் ஒரு ஸ்பேனரை மட்டும் கொண்டுவந்திருக்கிறாள். தினம் காலை ஏழரைக்கு, அவர் கடை திறக்கும் நேரத்துக்கு, என் அறையின் கதவு நிலையில் இரண்டு தட்டு தட்டுகிறாள். டொக், டொக். முதல் நாள் பதறி எழுந்தேன். "என்னக்கா?" "ஒண்ணுமில்லடி, பழக்கம்" என்றாள். அது அவளுடைய பழக்கம் இல்லை.

நிலைக்கட்டை நல்ல கட்டை. திண் என்று கேட்க வேண்டும். எனக்கு டொம் என்று கேட்கிறது. சுத்தியலை எடுத்து நானே தட்டிப் பார்த்தேன்: திண். அவள் தட்டினால் டொம். மேசை, சுவர், பஸ்ஸில் பிடிக்கும் கம்பி, என் நெஞ்செலும்பு எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தாயிற்று. போன வாரம் ஒருநாள், தட்டும் சத்தம் கேட்டு எழுந்து கதவைத் திறந்தேன். நிலையருகே யாரும் இல்லை. அக்கா சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஸ்பேனர் அவள் அறை ஜன்னலில் இருந்தது.

எல்லாம் அக்காவுக்காகச் செய்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படி எழுதினால் பொய்யான அறிக்கையாகிவிடும். நூற்றுப் பன்னிரண்டில் முதல் நாள் கிழித்த தாளை இதோடு வைத்திருக்கிறேன். அதைப் படிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். கோடு முதலில் உயரத்தில் ஓடுகிறது. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குத் தரையில் படுக்கிறது. பிறகு முன்னைவிட உயரமாக ஏறி, கடைசிவரை இறங்காமல் நிற்கிறது. சின்னப் பொந்து, சுற்றிலும் கெட்டியான சுவர். இன்னும் நாற்பது வருஷம் நின்றிருக்கும். முதல் வாரத்துக்குப் பிறகு நான் ஒரு வில்லையைக்கூடத் தவறாக அடித்ததில்லை என்று சொன்னேன். அன்று அடித்த பச்சை சரியான பச்சை. "நிக்கும் மாமா" என்று நான் சொன்னது உண்மை.

மூடியது நன்றாகவே மூடியிருந்தது. அது எனக்கு முதல் துளையிலேயே தெரியும். மற்ற நாற்பது துளைகளையும் அதற்காகத்தான் போட்டேன்.