கன்றுக்குக் கட்டிய வலை

பொந்தியான் பேருந்து நிலையத்தில் இருக்கைகளுக்கு மேலே புதிதாகக் கறுப்பு வலைப் பந்தல் போட்டிருக்கிறார்கள். நண்பகல் வெயிலுக்கு அதனடியில் ஒதுங்கியிருந்தேன். முன் வரிசையில் சந்தைப் பைகளோடு இரண்டு பெண்கள், அறுபதைத் தாண்டியவர்கள். ஒருவர் அண்ணாந்து பார்த்துச் சொன்னார்:

“நம்மளையும் செம்பனைக் கன்னாக்கிட்டாங்க, பாத்தியா சரசு?”

“ஆமாலா! தோட்டத்து நர்சரியில நாம கட்டுன அதே நெட்டு.”

“கன்னு வாடக்கூடாதுன்னு நெட்டு. தண்ணி ஊத்துற நமக்குத் தலையில துண்டு.”

“சாப்பாட்டு நேரத்துல உள்ள பூந்துக்குவோமே, நெனவிருக்கா மல்லிகா? உன் நெத்திலி சம்பல் வாசத்துலயே வேலை வாங்குற மண்டோர் கண்டுபிடிச்சிருவாரு.”

“‘நெட்டு கன்னுக்குத்தான், எந்திரிங்க’ன்னு கத்துவாரு. நீ வாயில சோத்தோட ஓடுவ.”

பைகள் சரிய இருவரும் சிரித்தார்கள். மல்லிகா மறுபடி மேலே பார்த்தார்.

“கன்னு கொஞ்சம் பெருசானா நெட்டை எடுத்துருவோம். நமக்கு இப்பத்தான் போடுறாங்க.”

பெக்கான் நானாஸ் பேருந்து வந்து நின்றது. சரசு பையைத் தூக்கிக்கொண்டார்.

“மல்லிகா, பஸ்ஸு. எந்திரி.”

“அடுத்ததுல போலாம், உக்காருலா. இப்ப யாரு வந்து நம்மள எந்திரிக்கச் சொல்லப் போறா?”