கழுவிய தண்ணீர்

பானை ஓடுகளைக் கழுவத் தேய்ந்துபோன பல் பிரஷ்தான் நல்லது. புதியது கீறிவிடும்.

நேரில் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, இன்ஸ்பெக்டர் மேடம். அதனால் எழுதித் தருகிறேன்.

புதூருக்குக் கிழக்கே எங்கள் ஊர் மேட்டில், முதுமக்கள் தாழிகள் இருக்கின்றன என்று மாசியில் அகழாய்வுக்குக் குழி போட்டார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ஓடு கழுவத்தான் சேர்த்தார்கள். ஒருநாள் அகழாய்வை நடத்தும் நந்தகோபால் சார் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, பைகளுக்குச் சீட்டு எழுதும் வேலையையும் கொடுத்தார். எந்தக் குழி, எத்தனை அடி ஆழம், என்ன பொருள், என்ன தேதி. வீட்டில் நான் எழுதிவைக்கும் நோட்டுகள் துணிப்பெட்டிக்கு அடியில்தான் கிடக்கும். நான் எழுதியதை ஒருவர் வாங்கிப் படித்தது அதுதான் முதல் தடவை.

பங்குனியில் காவியா வந்தாள். கல்லூரியில் தொல்லியல் படிக்கிறவள். சீட்டு வேலை அவளுக்குப் போனது. நல்ல பெண். தன் சாப்பாட்டில் எனக்கும் வைப்பாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கழுவிய தண்ணீரை வேலிக்கு அந்தப் பக்கம் ஊற்ற வேண்டும். மேஸ்திரி அழகிரிசாமி முதல் நாளே சொல்லியிருந்தார்.

"குழிப்பக்கம் ஊத்திராத தாயி. வெடிப்புக்குள்ள தண்ணி இறங்குச்சுன்னா கரிசல் வீங்கிச் சரிஞ்சிரும்."

மூன்றாம் குழியின் ஓரத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. அந்தக் குழியில் காவியாதான் உட்கார்ந்து தாழியைத் துடைப்பாள். வெடிப்பில் தினமும் நான்கு வாளி ஊற்றினேன். பதினோரு நாள். முதல் நாள் இரண்டு விரல் அகலம். கடைசி நாள் என் கை உள்ளே போனது. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்று காலை அவளும் அதைப் பார்த்துவிட்டாள்.

"நீங்க இந்த மண்ணுல பொறந்தவங்கல்லா. இது சரியுமாக்கா?"

"வெயிலுக்கு வெடிக்கத்தான செய்யும். சும்மா இறங்குங்க."

"நீங்க சொன்னா சரிதான்" என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். சத்தம் பெரிதாக இல்லை, பருத்தி மூட்டையைக் கீழே போட்டாற்போல. கையிலிருந்த ஓட்டைக் கழுவி முடித்து, வெயிலில் வைத்துவிட்டுத்தான் மேஸ்திரியைக் கூப்பிடப் போனேன். ஓடவில்லை.

தோண்டி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவள் கையில் பாதி எழுதிய சீட்டு இருந்தது. குழி மூன்று, ஆழம் ஐந்தரை அடி. தேதி இல்லை. நான் போட்டேன். எழுத்து கொஞ்சமும் கோணவில்லை.

தெரிந்துதான் ஊற்றினேன், மேடம். தெரிந்துதான் இறங்கச் சொன்னேன். சார் மறுபடி குழியைத் திறக்கும்போது சீட்டு எழுத ஆள் இருக்காது. அதற்குள் என்னை வேலைக்குத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள்தானே.