வலது முழங்கால்

நதீரா, பத்திரிகை ஆசிரியனாக இருப்பவன் கையெழுத்துப் பிரதியை எறியக் கூடாது. அச்சில் பிழை வந்தால் பிரதிதான் சாட்சி. கிழக்கின் பத்திரிகை ஆசிரியர்களைப் பற்றிய உங்கள் நூலுக்காக என் பழைய கோப்புகளைக் கேட்டபோது, அலுமாரியைத் திறந்து எல்லாவற்றையும் தந்தது அதனால்தான்.

நேற்று தொலைபேசியில் ஒரு வித்தியாசத்தைச் சொன்னீர்கள். டிசம்பர் விளம்பரத்தின் பிரதியில், காணாமற்போன பிள்ளைக்கு "இடது தோளில் தீத்தழும்பு." அச்சில் "வலது முழங்காலில் வெட்டுத்தழும்பு." இருபது வருடமும் அப்படியே. உங்களுக்கு நல்ல கண்.

அது பிழை அல்ல. என் பத்திரிகையில் பிழை வருவதில்லை.

சுனாமிக்கு மூன்றாம் நாள், கல்முனையில் ஒரு பாடசாலை முகாமுக்குப் போய், தேடி ஆள் வராத பிள்ளைகளைப் பட்டியல் எடுத்தேன். அந்த நாட்களில் ஊர் என் பத்திரிகையைத்தான் பார்த்தது. முகாமில் பதினேழு பிள்ளைகள். பதினாறு பேரை அச்சிட்டேன்.

பதினேழாவது பிள்ளைக்கு இரண்டு வயது இருக்கும். என் விரலைப் பிடித்தது, விடவில்லை. சில நாள் வைத்திருங்கள் என்றார்கள் முகாமில் இருந்தவர்கள். என் மனைவி ஜுனைதா பதினொரு வருடம் பிள்ளையில்லாமல் இருந்தவள். அந்தத் தலையிலிருந்த மணலைக் கழுவி எடுக்க அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. இன்ஷிரா என்று பெயர் வைத்தோம். குடும்பமே மௌத்தான அனாதை என்று ஊருக்குச் சொன்னேன். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒன்பதாம் நாள் பொத்துவிலிலிருந்து ஹுஸ்னியா என்ற தாய் என் அலுவலகத்துக்கு வந்தார். சாய்ந்தமருதில் மாமனார் வீட்டில் விட்டிருந்த பிள்ளை, பெயர் றுஸ்தா. மாமனாரின் ஜனாஸா கிடைத்தது, பிள்ளை கிடைக்கவில்லை. இடது தோளில் விளக்கு சரிந்து பட்ட தழும்பு. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதியதை அவருக்கு வாசித்தும் காட்டினேன். அவருக்கோ அவர் கணவர் நளீருக்கோ எழுத்துத் தெரியாது.

அன்று வீட்டுக்குப் போனபோது பிள்ளை ஜுனைதாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது, இடது தோளில் அந்தத் தழும்போடு. அச்சுக்கு வேறு உடம்பு போனது.

அதன்பின் ஒவ்வொரு டிசம்பரும் ஹுஸ்னியா பஸ் ஏறி வருவார். விளம்பரத்தை இலவசமாகவே போடுகிறேன். இது என் பெரிய சேவை என்று மேடைகளில் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் நூலின் வரைவிலும் அந்த வரி இருந்தது.

போன மாதமும் வந்தார்.

"காக்கா, இடது தோள். மறந்துராதீங்க."

"ஓம் தங்கச்சி. எழுதிட்டன்."

"ஒங்கட பேப்பர்லதான் எங்கட ஊர்ல மீன் சுத்தித் தாறாங்க. நான் அதையும் கழுவிக் காயவெச்சி விரிச்சிப் பார்ப்பன். எழுத்துத் தெரியாதவள் என்னத்தப் பார்க்கிறாய் எண்டு சிரிக்கிறாங்க."

இன்ஷிரா தேநீர் கொண்டுவந்தாள். இப்போது எங்கள் பக்கங்களை அவள்தான் வடிவமைக்கிறாள். நான் திருத்தித் தரும் அந்த விளம்பரத்தையும் அவள்தான் ரைப் செய்கிறாள்.

"குடிங்க மாமி, ஆறிரும்."

ஹுஸ்னியா அவளை மேலும் கீழும் பார்த்தார். "வடிவான மகள், காக்கா. எண்ட புள்ளயும் இப்ப இந்த வளத்திதான் இருப்பா."

"இன்ஷா அல்லாஹ்" என்றேன்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். நான் மார்க்கத்துக்குப் பயந்தவன். பெண்ணின் நிக்காஹ்வுக்கு வலியாக, அதாவது அவளைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பாளராக, அவளைப் பெற்ற தகப்பன் நிற்க வேண்டும். வளர்த்தவன் நிற்க முடியாது. நளீர் உயிரோடு இருக்கும்போது அவர் இல்லையென்று எழுதி நடத்தும் நிக்காஹ் கூடாது. அந்தப் பாவத்தை நான் செய்யவில்லை. இன்ஷிராவைக் கேட்டு வந்த மூன்று மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினேன். ஜுனைதா அழுதாள். காரணம் அவளுக்குத் தெரியாது. நான் பொறுமையாக இருந்தேன்.

ஜூலையில் நளீரின் ஜனாஸா அறிவித்தல் என் மேசைக்கு வந்தது. ஒரு சொல்லையும் மாற்றாமல் போட்டேன். அவருக்குச் சகோதரர்களும் இல்லை, ஆண்பிள்ளையும் இல்லை. அப்படியானால் மார்க்க நீதிபதியான காதியார் வலியாக நிற்கலாம். மறுநாளே நான்காவது மாப்பிள்ளை வீட்டாருக்குச் சம்மதம் சொன்னேன். வரும் வெள்ளிக்கிழமை நிக்காஹ், உங்களுக்கும் அழைப்பு அனுப்பியிருந்தேன். தகப்பன் மௌத் என்று பதிவில் எழுதப்படும். அது உண்மை. உம்மாவின் பெயரை எங்கும் கேட்க மாட்டார்கள்.

பிள்ளை யாரென்று நேற்று நான் ஒப்புக்கொண்டதும், இருபது முறை அந்தத் தாயிடமிருந்து பிள்ளையைப் பறித்தீர்கள் என்றீர்கள். நான் இருபது முறை விளம்பரம் போட்டேன் என்றுதான் சொல்வேன். இன்ஷிரா படித்தாள், பசி அறியாமல் வளர்ந்தாள். ஹுஸ்னியாவுக்கும் ஒவ்வொரு டிசம்பரும் போவதற்கு ஓர் இடம் இருந்தது.

வெள்ளிக்கு முன் பொத்துவிலுக்குப் போய் அவரிடம் எல்லாம் சொல்லப் போவதாகச் சொன்னீர்கள். நான் தடுக்கவில்லை. ஆனால் வாயால் சொல்வது நிற்காது. எழுதி எடுத்துப் போய் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எழுதியதை முதலில் எனக்கு அனுப்புங்கள். ஒரு தடவை திருத்தித் தருகிறேன்.