சவுனாவின் தாய்மொழி

— காரை எடும் ஆனந்தவல்லி. ஆக்கள் வெளியில வரத் துவங்கீட்டினம்.

— பெல்ட்டைப் போடுங்கோ. பொன்னாடைக்கு மேலாலயே போடலாம்.

— அதைக் கழட்டிப் பின்சீட்டில எறியும்... எங்கட சங்கப் பொருளாளர் ரஜிதன்ர மனுசி பின்லாந்துக்காரி எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே.

— நீங்கள் கேட்டனீங்களே? வெள்ளை எண்டா எல்லாம் நியூசிலாந்துக் கிவி எண்டுதானே உங்கட எண்ணம்.

— முன்வரிசையில, சீலையோட... எங்கட ‘சுனை’தான் அவையின்ர நீராவிக் குளியல் ‘சவுனா’ எண்டு நான் சொல்லேக்க தலையாட்டினவ.

— அது மரியாதைக்கு. பிறகு எழும்பிக் கேட்டவதானே.

— அதையும் மரியாதையாக் கேட்டவ. அதுதான் தாங்கேலாமக் கிடக்கு. அவையின்ர ஆதிமொழியை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லையாம். அந்தச் சொல்லின்ர பழைய வடிவமே அறிஞர்மார் ஊகிச்சுக் கட்டினதாம். எங்கயிருந்து வந்தது, எப்பிடித் திரிஞ்சது எண்டு இன்னும் அடிபடுகினமாம்...

— நீங்கள் இருபது நிமிசத்தில தீர்த்து வச்சிட்டியள்.

— நக்கலடியாதையும்.

— சரி... சபை கை தட்டினதுதானே.

— ஓம். அவ பிழை எண்டு சொன்னதுக்கும் தட்டினவை.

— பின்லாந்துப் பேராசிரியர் உங்கட ஆய்வை ஏற்றுக்கொண்ட அந்தக் கடிதம்... அதையாவது மேடையில வாசிக்காம விட்டிருக்கலாம்.

— இப்ப தலைவர் சிவனேசன் அதை ஆண்டு மலரில போடப் போறாராம். நாளைக்குக் காலமை ஹென்டர்சனுக்கு, எங்கட வீட்டை வந்து வாங்கிறாராம். ரஜிதன்ர மனுசி பேராசிரியருக்கும் எழுதப் போறாவாம். அவவுக்குப் படிப்பிச்சவராம்.

— ஐயோ... குடுக்காதேங்கோ.

— ஏன்?

— பொறுங்கோ, ஓரமா விடுறன்... வேலையால நிப்பாட்டினாப் பிறகு மூண்டு மாசம் நீங்கள் கட்டிலை விட்டு எழும்பேல்லை. இந்த ஒரு சொல்லுத்தான் உங்களை எழுப்பினது. பிறகு, பேராசிரியர் பதில் போடேல்லை எண்டு திரும்பவும் சாப்பாட்டை விட்டியள்...

— ம்.

— அந்தக் கடிதத்தை எழுதி எங்கட தபால் பெட்டியில போட்டது நான்.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— அவரின்ர உண்மையான பதில் அதுக்கு முதல் கிழமையே வந்திட்டுது. ரெண்டு வரி. ‘மிஸ்டர் சதாசிவம், ஆதாரமில்லை’ எண்டு. நான்தான் ஒளிச்சு வச்சன்.

— அப்ப... தெரிஞ்சுகொண்டே என்ரையை ஏன் வாசிச்சனீங்கள்?

— உம்மட கடிதத்திலதானே ‘டொக்டர் சதாசிவம்’ எண்டு இருந்தது.