மீதி மூணு கட்டம்

— அப்ப பாருங்க மேடம், நாலு கட்டத்துல நோய்க் கட்டம் எங்க பாப்பாவுக்குப் போயிடுச்சு. மீதி மூணும் நல்ல கட்டம். இதைச் சொல்ல ஆஸ்பத்திரியில ஆலோசனை எதுக்கு? திடீர்னு இந்த வாரமே வந்தாகணும்னு எங்க வீட்டுக்காரர்தான் ஒத்தக்கால்ல நின்னார்.

— மேடமும் ஒரு தடவை சொல்லட்டுமே, ஃபுல் மார்க்கு.

— இங்கயும் அந்தப் பேரா? பள்ளிக்கூடத்துல உயிரியல்ல முழு மார்க் வாங்கினேன் மேடம். எங்க அண்ணன் இவர்கிட்ட உளறித் தொலைச்சான். அன்னையிலிருந்து இதான் என் பேரு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, சட்டையெல்லாம் எண்ணெய் வாடை.

— ஷிப்ட் முடிஞ்சு நேரா வர்றேன், பின்ன மல்லிப்பூ வாசமா அடிக்கும்? நான் எட்டாவதோட நின்னவன் மேடம். வீட்ல ஒருத்தியாவது படிச்சவன்னு ஒரு பெருமை.

— சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். அந்தக் கட்டத்தை இந்தத் தாள்ல வரைஞ்சு காட்டுங்கம்மா.

— இதோ. அப்பா மேல, அம்மா பக்கத்துல. எங்க ரெண்டு பேர்கிட்டயும் நல்ல ஜீன் ஒண்ணு, கெட்டது ஒண்ணு. அதனால எங்களுக்கு நோய் இல்ல. ரெண்டு கெட்டதும் சேர்ந்து விழுந்த கட்டம் இது. இதான் எங்க பாப்பா. மாசாமாசம் இங்க ரத்தம் ஏத்துறோமே, அவ.

— அத்தனையும் சரி. உள்ள ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு போட்டிருக்கீங்களே, அது என்ன?

— பிள்ளைங்க. எங்க டீச்சர் போர்டுல நாலு மூஞ்சி வரைவாங்க. மூணு சிரிக்கும், ஒண்ணு அழும். பரீட்சையிலயும் அதே கேள்வி. நாலு பிள்ளை பிறந்தா எத்தனை பேருக்கு நோய்? ஒண்ணு. அஞ்சு மார்க்.

— எனக்கும் அஞ்சு மார்க் போட்டாங்கம்மா. அது தப்புன்னு காலேஜ் போனப்புறம்தான் தெரிஞ்சுது.

— தப்பா?

— கட்டம் தப்பில்ல. ஆனா அது நாலு பிள்ளை இல்ல, ஒரே பிள்ளைக்கு இருக்கற நாலு வழி. அடுத்த பிள்ளைக்கு மறுபடி முதல்ல இருந்து நாலு கட்டம்.

— நான் சொல்லட்டுமா மேடம்? பாட்டில் கம்பெனியில எனக்கு செக்கிங் வேலை. நாலுல ஒண்ணு விரிசல் விடுற மெஷின்னு வைங்க. ஒண்ணு விரிஞ்சிடுச்சே, இனி மூணும் நல்லதுதான்னு நான் கண்ணசந்தா, விடியறதுக்குள்ள வேலை போயிடும். முன்ன போட்ட பாட்டில் மெஷினுக்கு ஞாபகமா இருக்கும்?

— பத்து வருஷமா இதைச் சொல்லிப் புரிய வைக்க நான் தொண்டை கிழியறேன். நீங்க ஒரு பாட்டில்ல முடிச்சிட்டீங்க.

— அது பாட்டில். இது பிள்ளை. அப்ப அடுத்ததுக்கும் நாலுல ஒண்ணா மேடம்? பாப்பாவோட கழியலையா?

— கழியாதும்மா. நாலுல மூணு பங்கு நோய் இல்லாமப் பிறக்கவும் வழி இருக்கு. அதுவும் கழியாது.

— ஊசி குத்த நரம்பு கிடைக்காம அவ கத்துறப்ப, மனசுக்குள்ள சொல்லிக்குவேன் மேடம். உனக்குப் பின்னாடி வர்றவங்களுக்கும் சேர்த்து நீயே வாங்கிக்கிட்டடி, தங்கம்னு. அப்படி நினைச்சாத்தான் அவ கையைப் பிடிச்சிருக்க முடியும். அப்ப அவ யாருக்காகவும் வாங்கிக்கலையா? சும்மா வந்ததா?

— சும்மா வந்ததுதான்.

— ஏய், இங்க பாரு. அஞ்சு மார்க்தானே போச்சு.

— நீங்க பேசாதீங்க.

— அழுங்கம்மா, பரவாயில்ல. ஒரு சோதனை இருக்கு. பதினோராவது வாரத்துல இருந்து செய்யலாம், வயித்துல இருக்கறப்பவே தெரிஞ்சிடும். தெரிஞ்சப்புறம் என்ன செய்யறதுன்னு நீங்க ரெண்டு பேரும்தான் முடிவு பண்ணணும். அதை நான் சொல்ல மாட்டேன். இந்தப் படிவத்துல ஒரு இடம்தான் பாக்கி. இப்ப மாசமா இருக்கீங்களா?

— இல்ல மேடம்.

— நல்லாத் தெரியுமா?

— இல்லன்னுதானே சொல்றேன்.

— சரி, கோடு போட்டுடறேன்.

— கோடு போடாதீங்க மேடம். மூணு வாரமா என் சட்டையை வாசல்லயே கழட்ட வைக்கிறா. பாப்பா வயித்துல இருந்தப்பவும் இப்படித்தான், இதே எண்ணெய் வாடைதான். எத்தனை வாரம்னு மட்டும் எனக்குத் தெரியாது, அதை ஃபுல் மார்க்கே சொல்லட்டும்.