பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்

— அந்த வரிய அடிச்சிடுங்க மாப்பிள்ளை. 'தோல் கிடங்கில் கல்விச் சுடர் ஏற்றினார்'னு எழுதியிருக்கீங்க. சுடராவது ஒண்ணாவது. நாத்தம் தாங்காம மூக்கப் பிடிச்சிக்கிட்டு ஓதினாங்க. அப்படியே எழுதுங்க.

— எழுதிட்டேன் மாமா. 'மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓதினார்கள்.'

— நூறு வருசத்து மதரஸாவுக்கு மலர் போடுறோம், முதல் பக்கத்துலயே தோல் நாத்தம். அது கிடக்கட்டும். அடுத்தது?

— கட்டடம். எப்பக் கட்டினாங்க?

— அப்பல்லாம் கட்டடமா மதரஸா? பாடம் சொல்லித்தர்ற உஸ்தாது எங்க உக்காந்தாரோ அது மதரஸா. அவர் வீடு மாறினா பசங்க கிதாபத் தலையில தூக்கிக்கிட்டுப் பின்னாலயே போவாங்க. மணி, பெஞ்சு, பரீட்சை எல்லாம் பிற்பாடு வந்தது. அப்ப ஒரே பரீட்சைதான். கிதாப முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் உஸ்தாது வாயால கேட்டு முடிக்கணும். ஒரு பாடம் விட்டுப்போனாலும் சனதுல பேரு கிடையாது.

— சனதுதான் அடுத்த பக்கம். உங்கள்லேருந்து ஆரம்பிச்சு, யார் யார்கிட்ட ஓதினாங்கன்னு வரிசையா மேல போகுது.

— போட்டாச்சுல்ல?

— உங்க பேருக்குக் கீழ ஒரு பேரு சேர்க்கணும்.

— யாரு?

— உங்க மக.

— ஃபேன நிறுத்துங்க, தாள் பறக்குது.

— இந்தப் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்தானே உங்க வீடு. சின்னதுலேருந்து அங்க உக்காந்து அத்தனைப் பாடமும் கேட்டிருக்கா.

— துணி மடிச்சிக்கிட்டே கேட்பா. பசங்க தப்பா வாசிச்சா பலகையத் தட்டுவா. எலின்னு சொல்லிச் சமாளிப்பேன்.

— நம்பினாங்களா?

— எங்க? 'ஹஜ்ரத், உங்க வீட்டு எலிக்கு இலக்கணமெல்லாம் தெரியுது'ன்னான் ஒரு வால்பய.

— அப்ப உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் நடத்தியிருக்கீங்க. அவ உங்க மாணவிதான். அந்தக் காலத்துல பொம்பளைங்க திரைக்குப் பின்னால உக்காந்து கேட்டு சனது வாங்கியிருக்காங்க. ஆம்பளைங்களே அவங்களத் தேடிப் போய் ஓதியிருக்காங்க. காலேஜுல வரலாறுன்னு நான் நடத்துறதே அதத்தான்.

— எனக்கே பாடமா? சரி, அது கிடக்கட்டும். நம்ம மதரஸா வழக்கம் வேற. வாங்கினவங்க பேரப் போடுறதில்ல, வாங்கி இன்னொருத்தருக்குக் கொடுத்தவங்க பேரத்தான் போடுவோம். அவ யாருக்குக் கொடுத்தா?

— எனக்கு.

— உங்களுக்கா? அரபியில உங்க பேரையே எழுத்துக் கூட்டித்தானே படிப்பீங்க!

— காதால கேட்கலாமே. கல்யாணமான புதுசுலயே ஆரம்பிச்சிட்டா. நான் வெங்காயம் உரிப்பேன். அவ அடுப்பத் தணிச்சிட்டு வாசிப்பா, அர்த்தம் சொல்லுவா. நடு நடுவுல, கவனிக்கிறீங்களான்னு கேட்பா.

— கவனிச்சீங்களா?

— கிதாப இல்ல. அவள.

— ம். எதுவரைக்கும் வந்தீங்க?

— கடைசிப் பாடம் மட்டும் பாக்கி.

— பாக்கியா?

— ஆஸ்பத்திரிக்குக் கிதாப எடுத்துட்டு வரச் சொன்னா. நான் போறதுக்குள்ள தொண்டையில குழாய் போட்டுட்டாங்க. கிதாபப் பார்த்தா. அப்புறம் கதவப் பார்த்தா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, வந்து வாசிக்கிறேன்னு சொல்றதா நெனச்சேன்.

— யா அல்லாஹ்.

— அவ போனப்புறமும் அடுக்களையில ரெண்டு வெங்காயம் எடுத்துட்டுத்தான் உக்கார்றேன் மாமா. எனக்கு ஒண்ணு போதும்.

— அழுதுடுங்க மாப்பிள்ளை. இங்க யாரும் வரமாட்டாங்க.

— அழுகை வரல. பேர மட்டும் போடுங்க. கடைசிப் பாடமும் கேட்டுட்டேன்னு வேணும்னா சொல்லிடுறேன்.

— சனதுல பொய் சேர்க்கக் கூடாது.

— தெரியும்.

— எம்பேருக்குக் கீழ அவ பேரப் போட முடியாது.

— சரி. விடுங்க மாமா. அச்சகத்துக்காரர் காத்துக்கிட்டிருப்பார். தாளக் கொடுங்க, கிளம்புறேன்.

— உக்காருங்க. ஏன் முடியாதுன்னு கேட்க மாட்டீங்களா? எங்க உஸ்தாதும் எனக்குக் கடைசிப் பாடம் நடத்தல. அதுக்குள்ள மௌத்தாகி அடக்கமாயிட்டாரு.

— உங்களுக்கா? இத்தனை வருசமா நீங்கதானே அந்தக் கிதாப நடத்துறீங்க!

— ஆரம்பத்துல கடைசிப் பாடம் வந்தா, நீங்களே வாசிச்சுக்குங்கன்னு பசங்கள அனுப்பிடுவேன். கேட்காதத எப்படிக் கொடுக்கிறது? அப்புறம்தான் தெரிஞ்சது, உஸ்தாதோட வீட்டம்மா அவர்கிட்ட முழுசா ஓதியிருக்காங்கன்னு. போய் வாசல்ல நின்னேன். 'அந்நிய ஆம்பளைக்கு நான் வாசிச்சுக் காட்ட மாட்டேன், வேணும்னா உன் மகள அனுப்பு'ன்னு உள்ளேருந்தே சொல்லிட்டாங்க.

— அனுப்புனீங்களா?

— பல்லு விழுந்து முளைச்ச வயசு அவளுக்கு. தினமும் போயி ஓதிட்டு வந்தா. முடிஞ்சதும் என்னத் தரையில உக்கார வச்சு, அவ முக்காலியில உக்காந்துக்கிட்டா. 'இப்ப நான்தான் உஸ்தாது, அசையக் கூடாது வாப்பா'ன்னா. அசையல.

— இத எங்கிட்ட அவ சொன்னதே இல்ல.

— யார்கிட்டயும் சொல்ல மாட்டா. வாப்பாவுக்கு மதிப்புக் குறைஞ்சிடும்னு அவளுக்குப் பயம். மத்த பாடத்துக்கெல்லாம் நான் அவளுக்கு உஸ்தாது. கடைசிப் பாடத்துக்கு அவ எனக்கு. இப்ப எழுதுங்க. எம்பேருக்கு மேல அவ பேரு. அவளுக்கு மேல உஸ்தாதம்மா. அதுக்கும் மேலதான் எங்க உஸ்தாது.

— அப்ப இங்க ஓதிட்டுப் போன ஆலிம்ங்க எல்லாரும்...

— ஆரம்பத்துல அனுப்பினவங்களையும் திரும்பக் கூப்பிட்டுக் கொடுத்துட்டேன், எல்லாரும் அவ வழியா வந்தவங்கதான். உங்க ஒருத்தருக்குத்தான் பாக்கி நிக்குது. பேனாவ வைங்க, கதவச் சாத்திட்டு இப்படி வந்து உக்காருங்க. கடைசிப் பாடத்துல அவ மூச்சு வாங்கின எடத்துலதான் இன்னைக்கும் நான் மூச்சு வாங்குறேன், கேளுங்க.